பழுதுள்ள காரும் நோயுள்ள குதிரையும்

நமது சங்கத்தின் அறிவிப்புப் பலகையை நின்று படிக்கும் வழக்கமுள்ள அன்பர்கள் அதில் நேர்ந்துள்ள ஒரு மாறுதலைக் கவனித்திருப்பார்கள். வீணை விற்பனைக்கு, தையல் இயந்திரம் விற்பனைக்கு, மாற்றலாகிச் செல்வதால் கட்டிலும் பீரோவும் குறைந்த விலைக்கு என்பன போன்ற சீட்டுகளே முன்னர் அதில் காணப்படும். இப்பொழுது மோட்டார் கார்களும் அவற்றினிடையே இடம் பிடித்துள்ளன. அண்மையில் ஒரு சீட்டைக் கண்டோம். "டிரிஃப்ட் ஓட்டத்திற்கென மாற்றியமைக்கப்பட்ட கார். சிறு பழுதுகள் உண்டு. விலை நேரில்." இவ்வளவே வாசகம். எழுதியவர் நம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த இளைஞர். வெளியூரில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. காரை உடன் கொண்டு செல்ல வகையில்லை. விசாரித்ததில், கார் அவருடைய தகப்பனாரின் பெயரில் பதிவாகியிருப்பதாகத் தெரிந்தது.

"சிறு பழுதுகள் உண்டு" என்னும் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறோம்.

டிரிஃப்ட் என்பது யாதென அறியாத பெரியோர் பலர் இருப்பர். காரைத் திருப்பத்தில் வேகமாகச் செலுத்திப் பின்சக்கரங்களை வேண்டுமென்றே பிடிப்பிழக்கச் செய்து, வண்டி குறுக்காகச் சறுக்கிக்கொண்டே செல்லுமாறு ஓட்டும் வித்தை அது. வண்டி இடப்புறம் திரும்புகையில் முன்சக்கரங்கள் வலப்புறம் நோக்கியிருக்கும். பார்ப்பவருக்கு இதோ கவிழ்ந்துவிடும் என்று தோன்றும். ஓட்டுபவருக்கோ அனைத்தும் கையடக்கமாக இருக்கும். ஜப்பானில் 1970-களில் குனிமிட்சு தகஹாஷி என்னும் பந்தய வீரர் இம்முறையைக் கையாண்டார். அவரைக் கண்டு கற்ற கெயிச்சி சுச்சியா மலைப்பாதைகளில் பழகி அதைப் புகழ்பெறச் செய்தார். 2001-இல் அந்நாட்டில் இதற்கெனத் தனிப் பந்தயத் தொடரே தோன்றிவிட்டது. 2006-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கத் திரைப்படம் அதனை உலகெங்கும் உள்ள இளைஞர்களிடம் கொண்டு சேர்த்தது. வித்தை என்ற அளவில் அதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். பொதுச் சாலையில் நள்ளிரவில் அதைச் செய்துகாட்டுவதைப் பற்றி நம் அபிப்பிராயம் வேறு. அதை இங்கு விரிக்கவில்லை.

இந்த வித்தைக்கு எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குச் செல்லும் வண்டி வேண்டும். இன்று நம் நாட்டில் விற்கும் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்களே விசை பெறுகின்றன. அம்பாஸிடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கர விசை வண்டிகள். 2023 அக்டோபருடன் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்ற பத்மினி டாக்ஸிகளில் மழைக்காலத்தில் பயணம் செய்தோர் அதன் பின்பகுதி இலேசாக நழுவுவதை உணர்ந்திருக்கக்கூடும். ஆகவே இளைஞர்கள் பழைய கன்டெஸ்ஸாவையோ, வயதான பி.எம்.டபிள்யூ. வண்டியையோ தேடிப் பிடிக்கிறார்கள். வாங்கும்போதே பதினைந்து, இருபது ஆண்டு கண்ட வண்டி. அதன் மீது இந்த வித்தையின் பாரமும் ஏறுகிறது. அங்கேதான் பழுதின் கதை தொடங்குகிறது.

முதலில் டிஃபரன்ஷியலைச் சொல்ல வேண்டும். திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் செல்கிறது. உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் செல்கிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதற்கு இடந்தரும் பற்சக்கரத் தொகுதிக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். டிரிஃப்டுக்கு இது இடையூறு. ஏனெனில் ஒரு சக்கரம் வழுக்கினால் விசை முழுவதும் அதற்கே ஓடிவிடும். இதற்கெனத் தயாரிக்கப்பட்ட விலையுயர்ந்த தொகுதி ஒன்று உண்டு. கையில் பணம் குறைந்தவர்கள் பட்டறையில் கொடுத்து, உள்ளிருக்கும் பற்சக்கரங்களை வெல்டிங் செய்து ஒட்டிவிடுகிறார்கள். அதன்பின் இரு பின்சக்கரங்களும் என்றென்றும் ஒன்றாகவே சுழலும். இத்தகைய வண்டி குடியிருப்பின் முற்றத்தில் மெதுவாகத் திரும்பும்போது உட்பக்க டயர் தரையில் தேய்ந்து கிறீச்சிடும். அச்சுத் தண்டுகள் ஓயாமல் முறுக்கப்படும். ஈரச் சாலையில் சாதாரணத் திருப்பத்திலேயே பின்பகுதி திடீரென விலகும். தெரிந்தவனுக்கு இது பழகிய குணம். தெரியாமல் வாங்கி, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மழைநாளில் லோனாவளா மலைப்பாதையில் செல்பவனுக்கு அது பெருவிபத்து.

அடுத்தது கைபிரேக். தொழிற்சாலையில் பொருத்தியது கம்பியால் இழுக்கப்படுவது. நிறுத்திய இடத்தில் வண்டியை மணிக்கணக்கில் பிடித்து நிற்கும். டிரிஃப்டுக்குப் பொருத்தும் நெடுங்கைப் பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. பின்சக்கரங்களை ஒரு நொடியில் பூட்டுவதற்கு அது சிறந்தது. ஆனால் நேரம் செல்லச் செல்ல அழுத்தம் தளரக்கூடும். பழைய கம்பியைக் கழற்றி எறிந்திருந்தால், சரிவில் நிறுத்திவிட்டுப் போன வண்டி தானே உருளலாம்.

ஸ்டீயரிங் சக்கரத்தை மாற்றியிருந்தால், அதற்குள் இருந்த ஏர்பேக் போயிற்று என்று பொருள். அதன் எச்சரிக்கை விளக்கு ஓயாமல் எரியுமாதலால் அவ்விளக்கையே பிடுங்கிவிடுவதோ, ஒரு சிறு மின்தடையை வைத்து ஏமாற்றுவதோ வழக்கம். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் கேள்வி கேட்பது வாங்குபவரின் கடமை. முன்சக்கரங்கள் அதிகக் கோணம் திரும்புவதற்காக ஸ்டீயரிங் கைகளை வெட்டி ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு விட்டுப்போனால் சக்கரம் தன் போக்கில் போகும். சுருள்வில்லை அறுத்துக் குட்டையாக்குவதும் உண்டு. பி.எம்.டபிள்யூ. 3 வரிசையில் 'ஈ46' என்னும் தலைமுறைக் கார்களில் பின்அச்சைத் தாங்கும் தரைத்தகட்டில் விரிசல் காண்பது உலகறிந்த குறை. டிரிஃப்ட் ஓட்டம் அதை விரைவுபடுத்தும். மேல்விரிப்பைத் தூக்கியும், வண்டியை உயர்த்தி அடியில் விளக்குப் பிடித்தும் பார்த்தாலொழிய அது தெரியாது.

கிளட்ச் தகடு தேய்ந்திருப்பது, முன்பம்பர் உடைந்து கயிற்றால் கட்டியிருப்பது, பின்டயர்கள் வழுக்கையாகியிருப்பது, ரேடியேட்டரில் சிறு கசிவு: இவற்றைச் சிறு பழுதுகள் என்றால் ஒப்புக்கொள்ளலாம். பணத்தால் தீர்ந்துபோகும் காரியங்கள் இவை. மேலே கூறியவை அந்த இனத்தைச் சேர்ந்தவையல்ல. பிரச்சினை என்னவெனில், விற்கும் இளைஞரின் கண்ணில் அவை பழுதாகவே படுவதில்லை. வெல்டிங் செய்த டிஃபரன்ஷியல் அவருக்குப் பெருமைக்குரிய அம்சம். ஆகவே அவர் பொய் சொல்லுகிறார் என்று நாம் கூற வரவில்லை. பழுது என்று எதைச் சொல்வது என்பதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அகராதி வேறாக இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1872-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ள இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அந்தக் குதிரை வருகிறது. மோசடி என்பது எது என்று விளக்கும் பிரிவு அது. ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் மற்றொருவனுக்கு விற்கிறான்; குதிரை நோயுற்றது என்று அவனுக்குத் தெரியும்; ஆயினும் வாய் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வாங்குபவன் கண்ணைத் திறந்து பார்த்து வாங்க வேண்டும் என்பது அதன் கொள்கை. இத்துடன் நிறுத்தியிருந்தால் பலர் மகிழ்ந்திருப்பர். ஆனால் சட்டம் எழுதியவர்கள் நிறுத்தவில்லை. வாங்குபவள் விற்பவனின் மகள், அதுவும் அப்பொழுதுதான் உரிய வயதை அடைந்தவள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவ்வுறவின் காரணமாகவே உண்மையைச் சொல்லுவது அவன் கடமையாகிவிடுகிறது. மூன்றாவது உதாரணம் இன்னும் நுட்பமானது. "நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமாயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவன் கூற, விற்பவன் மௌனமாயிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். உள்ளதை முயன்று மறைப்பதோ எந்த நிலையிலும் மோசடியே. எச்சரிக்கை விளக்கைப் பிடுங்கியதை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

அந்த மகளின் உதாரணத்தை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நம் சங்கப் பலகையில் சீட்டை ஒட்டுபவர், முன்பின் அறியாதவருக்கு ஏலத்தில் விற்பவரின் நிலையில் இல்லை. அதைப் படித்து வருபவர் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. முதல் சம்பளத்தைச் சேர்த்து வைத்திருப்பவர். "நம்மவர்தானே, ஏமாற்றமாட்டார்" என்ற நம்பிக்கையால் மெக்கானிக்கை அழைத்து வராமல் வருகிறார். அயலூரில் நமக்குள் உள்ள இந்த நம்பிக்கையால் வாடகை வீடு கிடைக்கிறது. பெண்ணுக்கு வரன் கிடைக்கிறது. அவசரத்திற்குக் கைமாற்றுக் கிடைக்கிறது. அதே நம்பிக்கையால் ஒட்டுப்போட்ட ஸ்டீயரிங்கும் கைமாறிவிடக் கூடாது.

ஆகவே விற்பவருக்கு நாம் கூறும் யோசனை இது. ஒரு தாளை எடுத்து, தொழிற்சாலையிலிருந்து வந்ததற்கு மாறாகக் காரில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பட்டறையில் என்பதையும் குறியுங்கள். பழுது என்று நீங்கள் கருதுகிறீர்களா இல்லையா என்பது முக்கியமன்று. பிறகு பழுதுகளை எழுதுங்கள். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்து பார்த்த எண்களைக் குறித்தால் நூறு வார்த்தைகளுக்குச் சமம். நான்கில் ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். இரண்டு பிரதிகள் எடுத்து இருவரும் கையெழுத்திடுங்கள். வாங்குபவர் தம் சொந்த மெக்கானிக்கை அழைத்து வரட்டும். விலை சிறிது இறங்கும் என்பது உண்மையே. எப்படியும் மாற்றங்களுக்குச் செலவிட்ட பணம் திரும்பி வராது. நாம் கண்டவரை அதைத் திரும்பப் பெற்றவர் எவருமில்லை. பந்தய இருக்கை, அகன்ற சக்கரம், உயர்த்தித் தாழ்த்தும் சுருள்வில் ஆகியவற்றைத் தனித்தனியே விற்று, பரணில் கிடக்கும் பழைய உறுப்புகளை மீண்டும் பொருத்தி, காரைக் காராக விற்பதே பெரும்பாலும் இலாபம். (பழைய உறுப்புகளை 'கபாடி'காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டவர்களுக்கு நம்மிடம் ஆறுதல் வார்த்தை இல்லை.)

இலாபம் மட்டுமன்று, சட்டமும் அதையே விரும்புகிறது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 'ஒவ்வொரு மாற்றத்திற்கும்' என்பதைத் தந்தையர் கவனிக்க வேண்டும். உரிமையாளர் என்று ஏட்டில் இருப்பவர் அவர்களே.

அந்த ஏட்டைப் பற்றி ஒரு வழக்கு. ஒருவர் 2007-இல் தம் காரை விற்றார். பதிவேட்டில் பெயரை மாற்றவில்லை. கார் மேலும் சிலர் கைக்கு மாறியது. 2009 மே மாதம் அதைப் பின்னோக்கி ஓட்டும்போது விபத்து நேர்ந்து, ஒருவர் உயிரிழந்தார். ஒரு பெண் காயமுற்றார். நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் யார்? வண்டியைக் கையில் வைத்திருந்தவரா, இரண்டாண்டுகளுக்கு முன் விற்றுவிட்டு மறந்துபோனவரா? வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பாளி என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. விபத்தில் சிக்கிய குடும்பம், கார் யார் யாரிடம் கைமாறியது என்று தேடி அலைய முடியாது என்பதே அதன் நியாயம். நமக்கும் அது சரியென்றே படுகிறது. சாதாரணக் காருக்கே இக்கதி என்றால், நள்ளிரவில் சறுக்கி ஓட்டுவதற்கென்றே ஒருவர் தேடி வாங்கும் காரின் ஏட்டில் ஓய்வு பெற்ற தகப்பனாரின் பெயர் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விற்றவர் செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. அதே மாநிலத்திற்குள் விற்றால் 14 நாட்களுக்குள் 29-ஆம் எண் படிவத்தின் மூலம் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் 30-ஆம் எண் படிவத்தில் மனுச் செய்ய வேண்டும். வங்கிக் கடன் ஏட்டில் குறிக்கப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவத்தை முதலில் முடித்தாக வேண்டும். நிரப்பாத படிவங்களில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. இதைவிட அபாயகரமான சௌகரியம் வேறில்லை. தரகர் தமக்கு நல்ல விலை தருபவர் வரும்வரை அத்தாள்களை மாதக்கணக்கில் வைத்திருப்பார். அதுவரை கார் உங்களுடையதே. பழைய வாகனங்களை வாங்கி விற்கும் நிலையங்களுக்கு அதிகாரச் சான்று வழங்கும் முறை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அத்தகைய நிலையத்தில் ஒப்படைத்து, அது உரியவாறு அதிகாரிக்கு அறிவிக்கப்பட்டால், பொறுப்பு அவர்களுடையதாகிறது. சான்று உண்டா என்று கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம்மவர்களில் பலருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஊரிலிருந்து வரும்போது 'டி.என்.' எண்ணுடனேயே காரைக் கொண்டுவந்து, வருடக்கணக்கில் அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்திற்கு அங்கே புதிய எண் பெற வேண்டும் என்பது விதி. பெறாமலே இங்குள்ள ஒருவருக்கு விற்க முற்பட்டால், முதலில் பதிவு செய்த ஊரின் அலுவலகத்திலிருந்து 28-ஆம் எண் படிவத்தின்படி ஆட்சேபணையின்மைச் சான்று வாங்க வேண்டும். மாநிலம் கடந்த விற்பனையில் விற்றவருக்கு 45 நாள் அவகாசம் உண்டு. திருநெல்வேலியில் பதிவான வண்டியின் சான்றுக்காக மும்பையிலிருந்து காத்திருக்கும்போது அந்த 45 நாட்கள் எவ்வளவு விரைவில் ஓடும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனவே பலகையில் சீட்டு ஒட்டுவதற்கு முன்பே சான்றுக்கு மனுச் செய்வது உத்தமம்.

இவ்வளவுக்கும் பிறகு, மாற்றங்களைக் களையாமல் அப்படியே விற்கத்தான் வேண்டுமென்றால், பூட்டிய பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுபவரைத் தேடுவதே முறை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு தடம் இருக்கிறது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 முதல் மற்றொன்று. அங்குப் பழகும் கழகத்தாருக்கு நம் இளைஞரின் வெல்டிங் எவ்வித அதிர்ச்சியும் தராது. அவர்கள் அதற்கேற்ற விலை சொல்லுவார்கள், வண்டியை லாரியில் ஏற்றிச் செல்லுவார்கள். ஆயினும் பெயர் மாற்றம் அங்கேயும் வேண்டும். தரைத்தகடு விரிசல் கண்டு, எஞ்சினும் ஓய்ந்துபோன வண்டியாயின், 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்குவது மேல். அச்சான்றைக் காட்டிப் புதிய கார் வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தருவதற்கு விதிகளில் இடமிருக்கிறது. மாநிலத்திற்கு மாநிலம் அளவு வேறுபடும்.

சாவியைக் கொடுக்கும் நாளில் மறந்துபோகும் சில்லறைக் காரியங்கள் இரண்டு. கண்ணாடியில் ஒட்டியுள்ள ஃபாஸ்டாக் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே சுங்கம் செலுத்திக்கொண்டிருக்கும்; அதை முடித்துவிடுங்கள். இன்ஷுரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். பல ஆண்டுகள் நஷ்டஈடு கோராததால் உங்களுக்குச் சேர்ந்திருக்கும் சலுகை காருடன் போகாது, உங்களுடையது. கம்பெனியிடம் எழுதிக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த காருக்கு உதவும்.

வேறு மாநிலத்தில் ஆயுள் வரி செலுத்திய வண்டிக்கு மீதி வரியைத் திரும்பப் பெறும் முறையைப் பற்றி அன்பர்கள் சிலர் கேட்டு எழுதியிருக்கின்றனர். அதற்கே தனியாக இரண்டு பக்கம் வேண்டியிருப்பதால் அடுத்த இதழில் எழுதுவோம்.